பதின்மூன்றாவது கோடு

வணக்கம், எல்லாரும் சுகம்தானே? இந்தக் குளிரில் முழங்கால் எப்படி இருக்கிறது, குழந்தைகளுக்கு இருமல் விட்டதா? எங்கள் மலைப்பக்கத்தில் ஆறு வாரமாகப் பனி நிற்கவில்லை. காலையில் வாசற்கதவைத் திறக்கவே மண்வெட்டி வேண்டியிருக்கிறது. இப்படிக் கொட்டும்போதெல்லாம் எனக்கு ஆல்மாவின் நினைப்பு வந்துவிடும். எங்கள் ஊர்க் காட்சிச்சாலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், இரண்டாவது அறையில், ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில், வெண்ணெய் நிறத்தில் ஒரு மரக்குழல் படுத்திருக்கிறது. நான்கு துண்டாகப் பொருத்தியது, ஒரே ஒரு துளைக்குப் பித்தளை மூடி. பக்கத்து அட்டையில் மரத்தின் பெயரும் ஆண்டும் போட்டு, கடைசியில் ‘தலைத்துண்டில் விரிசல்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த விரிசல் விழுந்த மத்தியானத்தைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. ஆல்மா முதுகுக்கூடையோடு நகரத்திலிருந்து மேட்டுச்சாலையில் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு இன்னும் இரண்டு குறைவு. எங்கள் பக்கத்தில் ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து வாத்தியம் செய்வார்கள், பெண்கள் அதைக் கூடையில் சுமந்து நகரத்து மண்டிக்காரரிடம் சேர்ப்பார்கள். வயலின் வீட்டுக்காரி வயலினைச் சுமப்பாள், கொம்பு வீட்டுக்காரி கொம்பை. ஆல்மா குழல் வீட்டுக்காரி. போகும்போது கூடையில் புருஷன் ஓஸ்வால்ட் செய்த ஒரு டஜன் குழல், வரும்போது அடுத்த டஜனுக்கு மரக்கட்டை. அன்றைக்கு அதோடு ஒரு பொட்டலம் சிக்கரியும் இருந்தது. உண்மையான காப்பிக்கொட்டையை அவள் கண்ணால் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் ரயிலடிக்குப் போய்விட்டுத்தான் வருவாள். யுத்தத்தில் பிடிபட்டுப் பிரான்ஸ் நாட்டில் கிடந்த நம் பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வரும். அன்று பதினொரு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் போய்ப் படைப்பிரிவின் எண்ணைச் சொல்லி, முன்பல் ஓரம் உடைந்த ஒரு பையனைப் பார்த்தீர்களா, இடதுகைக்காரன், எதைக் கையில் எடுத்தாலும் புல்லாங்குழல் மாதிரிப் பிடிப்பான் என்று கேட்டாள். அவர்களும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் தங்கள் அம்மாவைத் தேடிப் போனார்கள். ரயிலடியில் கொடி காட்டுகிறவர் அவளை நன்றாகத் தெரிந்தவர். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“ஆல்மாக்கா, இன்னும் ரெண்டு வண்டிதான் வரும்னு சொல்றாங்க.”

“ரெண்டு போதும்,” என்றாள். “எனக்கு ஒருத்தன்தானே வரணும்.”

அந்த ஒருத்தன் எர்வின். ஒரே பிள்ளை. யுத்தம் தொடங்கிய வருஷம் அவனுக்கு இருபத்திரண்டு. அப்பாவின் பக்கத்திலேயே இன்னொரு கடைசல் பட்டறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓஸ்வால்டின் கை அளவு தப்பாது. டஜன் குழல் செய்தால் பன்னிரண்டும் ஒரே குரலில் பேசும், மண்டிக்காரருக்கு அதுதான் வேண்டும். எர்வின் அப்படி இல்லை. அவன் செய்கிற ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பேசும். அப்பாவைச் சீண்டுவான். “அப்பா, உங்க குழலெல்லாம் ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்காந்திருக்கு. என்னோடது மட்டும் கொஞ்சம் குடிச்சிட்டு வந்திருக்கு.” ஓஸ்வால்ட் தலையைத் தூக்காமலே சொல்வார், “ஊதுற வாயே கோணல். துளை எங்கேருந்து நேரா இருக்கும்?” சின்ன வயதில் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்து எர்வினுக்கு முன்பல் ஓரம் உடைந்திருந்தது. அதனால் உதட்டை ஒரு பக்கமாக வைத்துத்தான் ஊத வரும்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மரக்கட்டை கிடந்தது. ஓஸ்வால்டின் தாத்தா வாங்கிப் போட்டது. பக்ஸ் என்று ஒரு புதர் மரம் இருக்கிறதே, மணிக்கட்டுப் பருமன் வருவதற்கே நூறு வருஷம் ஆகும், அந்த ஜாதி. ஒரு குழலுக்குத்தான் தேறும். தாத்தா தொடவில்லை, அப்பா தொடவில்லை, ஓஸ்வால்டும் தைரியம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். எர்வின் கேட்கவேயில்லை, ஒரு நாள் காலையில் எடுத்துப் பட்டறையில் மாட்டிவிட்டான். ஓஸ்வால்டுக்குக் கோபம் உச்சிக்கு ஏறி, அன்று முழுக்க மகனிடம் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் அவன் இல்லாத நேரத்தில் போய், அவன் துளைத்திருந்த உட்புறத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்ப வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். ஆல்மா கேட்டதற்கு, பையனுக்குக் கைவாகு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதையும் அவனிடம் சொல்லாதே என்றார்.

ஊதுதுளைதான் குழலின் உயிர். அதன் உள்விளிம்பைச் சின்னக் கத்தியால் சுரண்டிச் சரிக்க வேண்டும், மயிரிழை கூடினாலும் குரல் போய்விடும். எர்வின் அதைத் தன் கோணல் உதட்டுக்கு ஏற்றபடி ஒரு பக்கம் சரித்தான். அதனால் அந்தக் குழலின் அடிக்குரல் எடுத்த எடுப்பில் வராது. கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் ஒரு முனகல் வருமே, அது முதலில் வரும், அதற்குள்ளிருந்து குரல் எழும். எங்கள் ஊரில் நூறு பேர் குழல் செய்தார்கள், அந்த முனகல் வேறு எதிலும் கிடையாது.

புதுக் குழலை எடுத்ததும் ஊதித் தள்ளிவிட முடியாது. முப்பது நாள் பழக்க வேண்டும். முதல் நாள் மூன்று நிமிஷம், அடுத்த நாள் நான்கு, இப்படி ஒவ்வொரு நிமிஷமாகக் கூட்ட வேண்டும். ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து ஓய விட வேண்டும். மூச்சின் ஈரத்தை மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகும். அவசரப்பட்டால் உள்பக்கம் ஊறி உப்பும், வெளிப்பக்கம் காய்ந்தபடியே நிற்கும், நடுவில் பிளந்துவிடும். பழக்குகிற நாளைப் பட்டறைக் கதவின் உள்பக்கத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைப்பார்கள். செய்தவன்தான் பழக்குவான், செய்தவன்தான் கோடு போடுவான், எங்கள் ஊர் வழக்கம் அது. எர்வின் பன்னிரண்டு கோடு போட்டான். இடதுகைக்காரன் இல்லையா, பன்னிரண்டும் காற்றடித்த நாணல் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். பதின்மூன்றாம் நாள் காலையில் கோயில் மணி அடித்துப் படைக்குக் கூப்பிட்டார்கள். குழலைத் துடைத்துத் தன் கம்பளிக் கழுத்துத்துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தான். “பாக்கி பதினெட்டும் நான் வந்து ஊதிக்கிறேம்மா. அப்பாவைத் தொட விடாத. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு.” ஆகஸ்ட் மாதம். உருளைக்கிழங்கு தோண்டுவதற்குள் வந்துவிடுவோம் என்றுதான் எல்லாரும் நினைத்துப் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் படையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காணவில்லை என்று. இறந்துவிட்டான் என்று இல்லை, காணவில்லை. ஆல்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். குழலை அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தாள், வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான். அவன் எந்தப் பள்ளத்தில் குளிரில் கிடக்கிறானோ, அவன் குழலாவது குளிரக் கூடாது. குழல் செய்கிறவனுக்குத் தெரியும், மரத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. ஓஸ்வால்ட் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார், அங்கே வைத்தால் காய்ந்துபோகும், கீழே கொண்டுபோய் வைக்கலாம், இல்லாவிட்டால் தினம் கொஞ்சம் நானாவது ஊதுகிறேன் என்றார். ஆல்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அதுல இருக்கிறது அவன் மூச்சு. உங்க மூச்சு உள்ள போனா அது வெளிய போயிடும்.”

குழலை ஊதவே மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள், செய்தார். மாதம் ஒரு முறை வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் தடவிவிட்டு மறுபடி அடுப்புக்கு மேலேயே வைப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், நீ, வா, போ என்று. முதல் பிள்ளை பிறந்ததும் அது நின்றுபோகும். அவர் ‘அப்பா’ ஆகிவிடுவார், அவள் ‘அம்மா’ ஆகிவிடுவாள், சாகிற வரைக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் அம்மா என்றும் அப்பா என்றும் கூப்பிட வேண்டியவன் போய் ஐந்தரை வருஷம் ஆன பிறகும், சூப்புக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆல்மா கோயில் மதிலைத் தாண்டி வளைவில் திரும்பியபோது மணி இரண்டரை இருக்கும். பனி நின்று காற்றே இல்லாமல் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மேல்வீதியில் யாராவது இருமினால்கூடக் கீழே கேட்கும். மூச்சு வாங்க நின்றாள். அப்போதுதான் கேட்டது. முதலில் அந்த முனகல். அதற்குள்ளிருந்து அடிக்குரல் எழுந்து, நீளமாக நின்று, ஓய்ந்தது. மறுபடி முனகல், அடுத்த சுரம். நான்கு நீளமான சுரம், பிறகு ஒரு மூச்சு இடைவெளி. குழல் பழக்குகிறவர்கள் ஊதுகிற முறை.

ஓஸ்வால்டாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அவர் சத்தியம் செய்திருந்தார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அந்தக் குழலை ஊத உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் உரிமை. ரயிலில் வராவிட்டால் என்ன, நடந்து வந்திருப்பான், லாரியில் வந்திருப்பான், தெற்கே காட்டுப் பாதை வழியாக வந்து அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போயிருப்பான். வந்ததும் கதவைப் பார்த்திருப்பான். பதின்மூன்றாம் கோடு போட உட்கார்ந்துவிட்டான், பெற்றவள் வரும்வரை கூடப் பொறுக்காமல். அப்படித்தான் அவன்.

கூடையின் பட்டையைத் தோளிலிருந்து உருவினாள். கூடை கவிழ்ந்து மரக்கட்டைகள் பனியில் உருண்டன, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீதியில் ஓடினாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண் முழங்காலளவு பனியில் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டே பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள். வயலின் வில் செய்கிறவரின் மனைவி மின்னா ஜன்னலைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் முப்பது வருஷ நட்பு, அதே முப்பது வருஷச் சண்டை.

“ஏன்டி இப்படி ஓடுற, வீடு பத்திக்கிச்சா?”

“எர்வின் வந்துட்டான், மின்னா. கேளு. கேக்குதா?”

மின்னா காதைத் திருப்பினாள். அவளுக்கும் கேட்டது, அவளுக்கும் அந்த முனகல் தெரியும். எர்வினைத் தொட்டிலில் ஆட்டியவள். ஜன்னலைச் சாத்தாமலே உள்ளே போய், அன்று காலையில் சுட்ட ரொட்டியில் பெரியதைத் துணியில் சுற்றிக்கொண்டு, போட்டிருந்த வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. யாரோ யாரிடமோ சொன்னார்கள். அந்த வீதியில் ஏழு வீட்டில் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஒருத்தன் வந்துவிட்டான் என்றால் அது எல்லா வீட்டுக்கும் வந்த மாதிரிதான். ஆல்மாவுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

வாசலை எட்டுவதற்குப் பத்தடி முன்னால் குழல் நின்றது. சட்டென்று நின்றது. அதோடு ஒரு சின்னச் சத்தம். குளத்தில் முதல் பனிக்கட்டி விரல் பட்டு உடையுமே, அவ்வளவுதான். பின்னால் வந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. குழல் வீட்டுக்காரிக்குக் கேட்டது. ஆனால் கேட்டது இன்னது என்று அவள் மனசு எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறைக் கதவைத் தள்ளினாள்.

எர்வினின் முக்காலியில் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். சொந்த இடத்தில் இல்லை, பிள்ளையின் இடத்தில். கழுத்துத்துணி மடியில் கிடந்தது. குழல் இரண்டு கையிலும் கிடைமட்டமாக, வாயிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி. உதடு நீலம் பாய்ந்திருந்தது, மூச்சு நாய்க்கு வாங்குவது போல வாங்கியது. காதோரம் வரைக்கும் வெள்ளைப் பொடி. முதலில் ஆல்மா அதைப் பனி என்று நினைத்தாள். சாக்குக்கட்டி.

அறைக்குள் வேறு யாரும் இல்லை. இருந்தும் அவள் மூலைகளைப் பார்த்தாள், பட்டறை மேசைக்கு அடியில் பார்த்தாள், சமையலறைக்குப் போகிற வழியைப் பார்த்தாள். பிறகு தான் தள்ளித் திறந்த கதவைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு கோடு சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் நேராக, நடுங்கி, ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும், புதுக் கோடுகள். பதினான்கு இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் உள்ள நிமிஷத்தை ஊதி, ஒரு கோடு போட்டு, அடுத்த நாளுக்குப் போயிருக்கிறார். துடைக்கவில்லை, ஓய விடவில்லை. நாற்பது வருஷமாகத் தொழில் பழக வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாள் மூன்று நிமிஷம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றே நிமிஷம் என்று சொல்லிவந்த மனுஷன், பாக்கிப் பதினெட்டு நாளையும் ஒரே உட்காரலில் ஊதித் தீர்க்கப் பார்த்திருக்கிறார். அடுப்புக்கு மேலே மூன்றரை வருஷம் காய்ந்த மரத்தில். ஆல்மா விடிகிற நேரத்தில் கூடையோடு இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பட்டறை மேசையின் மேல், உளிகளுக்கு நடுவில், மரத்தூள் படிந்த ஒரு காகிதம் விரித்தபடி இருந்தது. தபால்காரர் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளையோடு பதுங்குகுழியில் கிடந்த ஒரு சிப்பாய் மருத்துவமனையில் வாக்குமூலம் கொடுத்திருந்தான். தொள்ளாயிரத்துப் பதினாறு செப்டம்பரில், இன்ன ஊர் ஓடைக்கரையில், தானே குழி தோண்டி எர்வினைப் புதைத்ததாக. காணவில்லை என்று கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால். அவள் போன ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைக்கும் முன்னால்.

வாசலில் வந்து நின்றவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் புரிந்துகொண்டு, சத்தமில்லாமல் ஒவ்வொருவராகக் கீழிறங்கினார்கள். மின்னா மட்டும் போகவில்லை. ரொட்டியைக் கொடுப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

“இன்னும் நாலு இருக்கு,” என்றார் ஓஸ்வால்ட். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. “முடிச்சு வச்சிட்டு உங்கிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். அவன் குழல் முழுசா இருக்கணும்ல. அதுக்கப்புறம் சொல்லலாம்னு.”

ஆல்மா பக்கத்தில் போய்க் குழலை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஊதுதுளையிலிருந்து தலைப்பக்கம் வரைக்கும் ஒரு கோடு ஓடியிருந்தது. அதுவும் நேராக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன் வழியாக ஈரம் கசிந்து ஒரு துளியாகத் திரண்டு நின்றது. பிள்ளையின் மூச்சு என்று இத்தனை வருஷம் அவள் காத்துவைத்ததில் அந்தத் துளியில் எதுவும் இருக்க வழியில்லை. கிழவரின் எச்சில்தான். விரலால் தொட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புப் பலகையின் நினைப்பு வந்தது. அவர் ஒரு முறை சொன்னதும், தான் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பியதும் நினைப்பு வந்தது.

“ஒட்டிடலாம், அம்மா,” என்றார். “பசை விட்டு, மெழுகு நூலால இறுக்கிக் கட்டி வச்சா சேந்துக்கும். வெளிய தெரியாது. நான் பண்றேன். தெரியவே தெரியாது.”

“வேணாம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கை இன்னும் குழல் பிடித்த மாதிரியே அந்தரத்தில் நின்றது, விரல்கள் துளை இருந்த இடங்களில் இல்லாத துளைகளை மூடிக்கொண்டிருந்தன. ஆல்மா அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் காதோரத்திலிருந்த வெள்ளைப் பொடியைச் சால்வை ஓரத்தால் துடைத்துவிட்டாள்.

“ஓஸ்வால்ட்,” என்றாள். “வா. ஏதாவது சாப்பிடு.”

இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நிலையில் நின்ற மின்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஆல்மா நிமிர்ந்தாள். எதிரே அவருடைய முக்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்து குழலை மடியில் வைத்துக்கொண்டாள். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விரிசலின் இரண்டு பக்கத்தையும் அழுத்தினாள். மூடிக்கொண்டது. விட்டாள். திறந்துகொண்டது. அழுத்தினாள், மூடிக்கொண்டது. விட்டாள். வெளியே, அவள் விட்டுவிட்டு வந்த கூடையின் மேல் மறுபடி பனி விழத் தொடங்கியிருந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது பாதியில் வைத்துவிட்டுப் போன ஒன்று இருக்கும். ஒரு பின்னல், ஒரு பூட்டிய பெட்டி, எதுவோ. நீங்கள் அதை எடுத்து முடித்தீர்களா, அப்படியே வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் எங்கே வைத்திருக்கிறீர்கள்? இரண்டு வரியானாலும் எனக்கு எழுதுங்கள்.